அண்ணன் போட்ட குழாய்

ஊரார் வீட்டுச் சுவர்களையெல்லாம் தட்டிப் பார்த்து ஒழுக்கைக் கண்டுபிடித்துக் கொடுத்த மனிதரின் படுக்கையறையே ஒழுகினால் யாரிடம் போய்ச் சொல்வது? குழாய்க்காரரின் மனைவி முதலில் யாரிடமும் சொல்லவில்லை. மழைக்காலத்து ஈரம்தான், வெயில் வந்தால் காய்ந்துவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். வெயில் வந்தது. கொடியில் போட்ட துணி மொறமொறவென்று காய்ந்தது. சுவர் மட்டும் காயவில்லை. கட்டிலின் தலைமாட்டுக்குக் கீழே பெயின்ட் உப்பிக்கொண்டு, தொட்டால் விரலோடு வந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

அந்தக் கட்டிலில் கிடந்தவர்தான் குழாய்க்காரர். போன வருஷம் ஒரு மாடி வீட்டில் வேலை முடித்துவிட்டு, கை கழுவக் குனிந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். வலது பக்கம் முழுவதும் போயிற்று. பேச்சும் போயிற்று. மிஞ்சியது ஒரு தலையாட்டல்தான். எதைக் கேட்டாலும் மேலும் கீழும் ஆட்டுவார். பசிக்கிறதா என்றாலும் ஆட்டுவார், பசிக்கவில்லையா என்றாலும் ஆட்டுவார். துணிக்கடையில் வேலை பார்க்கும் மகள் ஒருநாள் அவரைச் சோதித்தே பார்த்துவிட்டாள்.

"அப்பா, நான் உங்க பொண்ணுதானே?"

தலை ஆடியது.

"நான் உங்க அம்மாதானே?"

அதற்கும் ஆடியது.

"பாத்தியாம்மா? அவருக்கு ஒண்ணும் புரியல. நீதான் சும்மா சொல்லிட்டுத் திரியற."

"நீ பண்ற அதிகாரத்துக்கு அவங்க அம்மான்னு நெனச்சிருப்பாரு. அதுல என்ன தப்பு?" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள். அவருக்கு எல்லாம் புரிகிறது என்று டாக்டரிடம் சண்டை போட்டவள் அவள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அடித்துச் சொன்னவளும் அவளே. ஆனால் ஒரு வருஷமாக வாயில் கஞ்சி ஊட்டி, புரட்டிப் போட்டு, துடைத்து, துணி மாற்றி, ஒரு தடவைகூட 'இல்லை' என்று ஒரு பதில் வராத முகத்தைப் பார்த்துப் பார்த்து, உள்ளுக்குள் அவளுக்கே நம்பிக்கை தேய்ந்துவிட்டிருந்தது. ஆள் உள்ளே இருக்கிறாரா, இல்லையா? அது மட்டும் தெரிந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

இந்த நேரத்தில்தான் சுவர் நனைந்தது. அவருக்கு இருமல் பிடித்தது. நெஞ்சில் சளி கட்டி, மூச்சு விடும்போதெல்லாம் கரகரவென்று சத்தம். அறையை ஈரமில்லாமல் வைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலை உள்ளே கொண்டுவரும்போது கழற்றிக் கொண்டுவந்துதான் மாட்டினார்கள். அது வாசல் வழியாக முழுசாக வெளியே போகாது. தலைப்பக்கம் தூக்கி வைக்கிற அந்தக் கட்டில் இல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அதனால் சுவர் நனைந்தாலும், இடிந்தே விழுந்தாலும், அவர் அங்கேயேதான் கிடக்க வேண்டும்.

வேறு வழியில்லாமல் அவருடைய ஆட்களுக்குச் சொல்லி அனுப்பினாள்.

இரண்டு பேர் வந்தார்கள். அவரிடம் தொழில் கற்றுத் தனியாகப் போனவர்கள். ஒருவன் நெட்டை, மற்றவன் சொட்டை. சொட்டைக்கு அந்தப் பெயர் தலையில் முடி இருந்த காலத்திலேயே வந்துவிட்டது. அவன் அப்பாவுக்குச் சொட்டை, இவனுக்கும் வரும் என்று குழாய்க்காரர் வைத்த பெயர். வந்ததும் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்று, "அண்ணே, எப்படிண்ணே இருக்கீங்க?" என்றார்கள். தலை ஆடியது. இரண்டு பேருக்கும் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் வேலையை ஆரம்பித்தார்கள். வீட்டிலிருந்த எல்லாக் குழாயையும் இறுக மூடிவிட்டு, வாசலில் இருந்த தண்ணீர் மீட்டரைக் குனிந்து பார்த்தார்கள். உள்ளேயிருந்த சின்னச் சக்கரம் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஒழுக்கு உள்ளதான் அண்ணி. சந்தேகமே இல்ல" என்றான் நெட்டை.

"அது எனக்கே தெரியுதே தம்பி. எந்த இடத்துல?"

"அதான் பாக்கணும். சுவத்துல ஈரம் தெரியிற எடம் ஒண்ணு, ஒழுகுற எடம் ஒண்ணு. தண்ணி செங்கல்லு சந்துல எங்கேயோ புகுந்து எங்கேயோ வந்து எட்டிப் பாக்கும்."

"தலைமாட்டுக்கு மேலயே ஒடச்சிப் பாத்தா என்ன?"

அவள் பெரிய தப்பைச் சொல்லிவிட்டதுபோல இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அங்க வெறும் நேர்க் குழாய்தான் அண்ணி" என்றான் சொட்டை. "இந்த மூலைலேர்ந்து அந்த மூலை வரைக்கும் ஒரே ஓட்டம். நேர்க் குழாய் எதுக்கு ஒழுகப் போவுது? ஒழுகினா வளைவுல ஒழுகணும், ஜாயின்ட்ல ஒழுகணும். அண்ணன் நேர் ஓட்டத்துல ஜாயின்ட் போடவே மாட்டாரே!"

அது அந்த வட்டாரத்துக் குழாய்க்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சுவருக்குள் மறைகிற நேர் ஓட்டத்துக்கு முழுக் குழாய்தான் போட வேண்டும், துண்டுகளை ஒட்டிப் போடக் கூடாது என்பது அவருடைய சட்டம். நெட்டை ஒருமுறை அதை மீறி மாட்டிக்கொண்டான். மிச்சத் துண்டு வீணாகிறதே என்று ஒட்டிப் போட்டு, பூச்சும் பூசி முடித்துவிட்டான். குழாய்க்காரர் வந்து, வீட்டுக்காரர் முன்னாலேயே சுத்தியை எடுத்துப் பொலபொலவென்று சுவரை உடைத்தார். "உன் கண்ணுக்கு மறையும், தண்ணிக்கு மறையாதுடா" என்றாராம். நெட்டை அன்று அழுதுவிட்டான். இப்போது அதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

ஆகவே தலைமாட்டை விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் உடைத்தார்கள்.

ஒவ்வொரு இடத்திலும் முதலில் அவரிடம் உத்தரவு கேட்டார்கள். "அண்ணே, குளியலறை மூலையில ஒடைக்கட்டுமா?" தலை ஆடியது. உடனே உளி இறங்கியது. அவர் மேல் தூசி விழாமல் அவள் ஒரு பழைய போர்வையைக் கூடாரம்போலப் பிடித்துக்கொண்டு நின்றாள். உளிச் சத்தம் விழும்போதெல்லாம் அவருடைய இடது கண் இமை துடித்தது. போர்வை பிடித்த கை ஓய்ந்துபோன நேரத்தில் வளைவு வெளியே தெரிந்தது. பொட்டு ஈரமில்லை.

"பாத்தியா, எப்படி உக்கார வெச்சிருக்காரு பாத்தியா! நூல் புடிச்ச மாதிரி!" என்றான் சொட்டை.

"இப்ப இதை எவன் போடுவான்?" என்றான் நெட்டை.

அடுத்தது அடுப்படி. "அண்ணே, இங்கயா?" தலை ஆடியது. உடைத்தார்கள். அந்த வளைவும் காய்ந்து கிடந்தது. அதற்கும் ஒரு பாராட்டு. பிறகு கொல்லைப்பக்கத்து மூலை. அதற்கப்புறம் அறை வாசலுக்கு மேலே. வீடு முழுக்கச் செங்கல் பொடி. பருப்பு டப்பாவைத் திறந்தால் சிமென்ட், தலையணை உறையில் சிமென்ட், அவருக்கு ஊட்டுகிற கஞ்சியில்கூட ஒருநாள் நறநறவென்று கடிபட்டது. கஞ்சியைத் தன் வாயில் வைத்துப் பார்த்தவள் துப்பிவிட்டு, அப்படியே ஸ்பூனோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ரசிச்சது போதும் தம்பிங்களா. தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு சொல்லுங்க. அவர் போட்ட வேலை நல்ல வேலைன்னு தெரிஞ்சிக்க என் வீட்டை இடிக்கணுமா?"

"கோச்சுக்காதீங்க அண்ணி. நாங்க அண்ணன் சொன்ன எடத்துலதான் ஒடைக்கிறோம்."

"அவர் சொன்னாரா? நீங்க ஆகாசத்துல ஒடைக்கட்டுமான்னு கேட்டாலும் தலையாட்டுவாரு!"

சொல்லிவிட்ட பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. இதைத்தானே மகள் சொன்னபோது மறுத்தோம்? நெட்டை தலையைக் குனிந்துகொண்டான். கட்டிலில் கிடந்தவர் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒழுக்கு நிற்க வேண்டுமென்று மேலே டேங்க் வால்வை மூடி வைத்திருந்தார்கள். அதனால் வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. படுக்கையில் கிடப்பவர் இருக்கிற வீட்டில் தண்ணீர் இல்லையென்றால் என்ன பாடு என்பது செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். எதிர்வீட்டுக் குழாயில் குடம் குடமாகப் பிடித்துத் தூக்கி வந்தாள். நனைந்த விரிப்புகளை அவர்கள் வாசலிலேயே துவைக்க முடியுமா? அதற்கும் தண்ணீர் சுமந்தாள். ஒரு விரிப்பை அலசி முடிப்பதற்குள் அடுத்தது தயாராகிவிடும். எதிர்வீட்டுக்காரி நல்லவள்தான். ஆனால் நல்லவளும் எத்தனை குடத்துக்குச் சிரித்த முகமாக நிற்பாள்?

மகள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து நின்றாள்.

"சித்தப்பா, நீங்க ரெண்டு பேரும் தப்பா நெனைக்கக் கூடாது. எங்க கடைல ஒழுகினப்ப ஒருத்தர் மிஷின் வெச்சுக் கண்டுபிடிச்சாரு. அவரை வரச் சொல்லிட்டேன்."

"மிஷினா?" என்றான் சொட்டை. "அண்ணன் வீட்டுக்கு மிஷினா? வெளில தெரிஞ்சா சிரிப்பாங்கம்மா. நாங்கள்லாம் அப்புறம் என்னத்துக்கு இருக்கோம்?"

"அதைத்தான் சித்தப்பா நானும் யோசிக்கிறேன்."

நெட்டைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சொட்டைக்குத்தான் முகம் சுருங்கியது. அவன் கட்டிலைப் பார்த்துத் திரும்பி, "அண்ணே, மிஷின் வரட்டுமாண்ணே?" என்று கேட்டான், ஏதோ கடைசி நீதிமன்றத்தில் முறையிடுகிறவன்போல. தலை ஆடியது.

மிஷின்காரர் சாயங்காலம் வந்தார். ஒல்லியான ஆள். டீ வேண்டாம் என்றார், உட்காரச் சொன்னால் பரவாயில்லை என்றார். வால்வைத் திறந்து குழாயில் தண்ணீர் ஏற விட்டார். காதில் பெரிய வட்டங்களை மாட்டிக்கொண்டு, கையிலிருந்த உருண்டையைச் சுவரில் வைத்து வைத்து நகர்ந்தார். ஃபேன் நிறுத்தப்பட்டது. எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். எதிர்வீட்டுக் குழந்தை அழுவது கேட்டது, பிறகு அதுவும் ஓய்ந்தது.

தலைமாட்டுப் பக்கம் வந்ததும் அவர் நெற்றியைச் சுருக்கினார். காதிலிருந்ததைக் கழற்றினார்.

"அவர் மூச்சு கரகரன்னு கேக்குது. கொஞ்சம் அந்தாண்ட தள்ளிப் படுக்க வைக்க முடியுமா?"

"முடியாதுங்களே" என்றாள் அவள். "சளி. அவர் என்ன பண்ணுவாரு?"

மிஷின்காரர் மறுபடி மாட்டிக்கொண்டார். கரகரப்பு மெல்லத் தேய்ந்து நின்றது. அவள் பயந்துபோய் அவர் மார்பில் கையை வைத்தாள். மூச்சு உள்ளே நின்றிருந்தது. மிஷின்காரர் சுவரில் மூன்று இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு உருண்டையை எடுத்தார். உடனே மார்பு புஸ்ஸென்று இறங்கி, இருமல் வந்தது. தற்செயலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு அவள் அவரைத் தட்டிக்கொடுத்தாள்.

மிஷின்காரர் தலைமாட்டுக்கு நேர் மேலே, இடுப்பு உயரத்தில், சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டார்.

"இங்க ஒடைங்க."

"தம்பி, அங்க நேர்க் குழாய்" என்றான் சொட்டை, சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல. "ஜாயின்ட்டே கெடையாது. எங்க அண்ணன் போட்டது. அண்ணன் நேர் ஓட்டத்துல ஜாயின்ட் போட மாட்டாரு."

"எனக்கு உங்க அண்ணனைத் தெரியாதுங்க. சத்தம் இங்கதான் வருது."

மகள் நெட்டையைப் பார்த்தாள். நெட்டை உளியை எடுத்தான். இந்தத் தடவை அவரிடம் யாரும் உத்தரவு கேட்கவில்லை. கட்டிலை ஒரு முழம் இழுத்து நிறுத்திக்கொண்டார்கள். அவ்வளவுதான் இழுக்க இடமிருந்தது. அவள் போர்வையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாலு தட்டில் பூச்சு பெயர்ந்து விழுந்தது. அதன் பின்னாலிருந்த செங்கல் சோறுபோல நைந்திருந்தது. நெட்டை கையாலேயே தோண்டினான்.

குழாய் தெரிந்தது. அதில் ஒரு ஜாயின்ட் இருந்தது. அதற்குக் கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதற்கும் தள்ளி மூன்றாவதும் இருந்தது. ஒரு கை நீளத்துக்குள் மூன்று, அதுவும் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு நிறம். ஏதேதோ வேலையில் மிஞ்சிய துண்டுகள். நடு ஜாயின்டிலிருந்து தண்ணீர் கசிந்து சுவருக்குள் வழிந்துகொண்டிருந்தது.

சொட்டை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மிஷின்காரர் ஒன்றும் புரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவர் கண்டுபிடித்தது சரிதானே, பின்னே ஏன் எழவு விழுந்த வீடு மாதிரி நிற்கிறார்கள்?

அவளுக்கு மட்டும் காரணம் தெரிந்துவிட்டது. இந்த வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தபோது, மகள் வயிற்றில் நிறைமாதமாக இருந்த சமயம். வாடகை வீட்டில் ஒரு பொழுதுகூட இனி இருக்க மாட்டேன் என்று அவள்தான் பிடிவாதம் பிடித்தாள். ஊரில் கடையடைப்பு. முழுக் குழாய் வர இரண்டு நாளாகும், பொறுத்துக்கொள் என்று அவர் கெஞ்சினார். அவள் அழுதாள். மறுநாள் சுவர் பூசியாகிவிட்டது. எப்படி முடிந்தது என்று அவள் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

நெட்டை கையைத் துடைத்துக்கொண்டு கட்டிலுக்கு வந்தான். அவன் முகத்தில் கோபமோ ஏமாற்றமோ இல்லை. எப்படியாவது இதை மூடி மறைத்துவிட வேண்டும் என்ற தவிப்புதான் இருந்தது.

"அண்ணே, நீங்க ஒண்ணும் நெனைச்சுக்காதீங்க. இது உங்க கை இல்லண்ணே. பாத்தாலே தெரியுது. நடுவுல எவனோ வந்து வேலை பாத்திருக்கான். நீங்க வெளியூரு போயிருந்தப்போ எவனோ கண்ட துண்டையும் ஒட்டிட்டுப் போயிருக்கான். அப்படித்தானேண்ணே?"

அறையில் இருந்த எல்லோரும் தலை மேலும் கீழும் ஆடுவதற்காகக் காத்திருந்தார்கள்.

ஆடவில்லை. குழாய்க்காரர் நெட்டையையே பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. தலை தலையணையில் உரசிக்கொண்டு இடது பக்கம் போயிற்று. வெகுநேரம் அங்கேயே நின்றது. பிறகு மெல்ல மெல்ல வலது பக்கம் வந்தது. மறுபடி இடது பக்கம். இடது கை போர்வைக்கு அடியிலிருந்து ஊர்ந்து வந்து, அவருடைய நெஞ்சின் மேல் ஏறிப் படுத்தது. நான்தான் என்றது அந்தக் கை.

"அப்பா!" என்று கத்தினாள் மகள். "அம்மா, பாத்தியாம்மா? இல்லன்னு சொல்றாரும்மா! அப்பாக்குப் புரியுதும்மா!"

நெட்டை கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான். சொட்டை ஓடி வந்து, "அண்ணே, மூணு என்ன, முப்பது ஜாயின்ட் போட்டாலும் நீங்கதாண்ணே எங்களுக்கு" என்று ஏதோ உளறினான். மிஷின்காரர்கூடச் சிரித்துவிட்டார். மகள் அப்பாவின் கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டு, "நான் யாரு? உங்க அம்மாவா?" என்று கேட்டுக் கேட்டு, தலை இடவலமாக அசைவதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்து அழுதாள். அந்த வீட்டில் அப்படி ஒரு சந்தோஷம் ஒரு வருஷமாக வந்ததில்லை.

அவளும் சிரித்தாள். ஆள் உள்ளேதான் இருக்கிறார். அவள் வேண்டிக்கொண்டது நடந்துவிட்டது. யார் எதைக் கேட்டாலும் ஆமாம் என்று சொல்லி அனுப்பிவிட்டு, இத்தனை நாளும் அவர் உள்ளேயே இருந்திருக்கிறார். அப்படி நினைத்தவளுக்குச் சிரிப்பு பாதியிலேயே நின்றது.

இத்தனை நாளும் இருந்திருக்கிறார் என்றால், அன்றைக்கும் இருந்திருக்கிறார்.

சுவர் நனைவதற்குச் சற்று முந்தைய ஒரு மத்தியானம். காலையிலிருந்து மூன்றாவது தடவையாக விரிப்பை மாற்றிவிட்டு, முதுகு விட்டுப்போய், இந்தக் கட்டில் சட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். தங்கச்சி போன் பண்ணினாள். மாமா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். இவள் குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. "என்னத்தை இருக்காரு. இப்படிக் கெடக்கறதுக்கு அன்னைக்கே போய்ச் சேந்திருக்கலாம். அவருக்கும் விடுதலை, எனக்கும் விடுதலை" என்றாள். சொல்லிவிட்டு, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே அவர் வாயோரம் வழிந்ததைத் துடைத்தாள்.

ஆட்கள் முழுக் குழாயை அளந்து எடுக்க வாசலுக்குப் போனார்கள். மகள் மிஷின்காரரை வழியனுப்பப் போனாள். அறையில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். உடைந்த சுவரிலிருந்து ஈரமண் வாசனை வந்தது. அவள் கட்டில் சட்டத்தில் உட்கார்ந்தாள். கேட்காமல் விட்டுவிடலாம் என்று ஒரு மனசு சொன்னது. கேட்காமல் இனி இந்த முகத்தில் எப்படி விழிப்பது?

"என்னங்க" என்றாள். "அன்னைக்கு ஒருநாள் நான்..."

அதற்குள் அவர் தலையை ஆட்டிவிட்டார். இடவலமாக, நெட்டைக்குச் சொல்வதற்கு அவ்வளவு நேரம் பிடித்த தலை, இப்போது வேகவேகமாக ஆடியது. இல்லை, இல்லை, கேட்கவில்லை என்று. என்றைக்கு, யாரிடம், என்ன பேச்சு என்று அவள் இன்னும் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.

அவள் அந்த முகத்தைப் பார்த்தாள். அங்கே அழுதுவிட்டால் அவர் சொன்ன பொய் வீணாகப் போய்விடும். போர்வை நுனியை இழுத்து அவர் தோளை மூடினாள். தலையணையில் விழுந்திருந்த செங்கல் பொடியை ஒவ்வொன்றாக ஊதித் தள்ளினாள்.

"நல்ல வேளை" என்றாள் சிரித்துக்கொண்டே. "உங்க காதுல விழுந்துடுச்சோன்னு பயந்தே போயிட்டேன்."